கெய்சருக்கு ஒரு மூடி

கடைக்காரருக்கு அன்று மத்தியானம் வரை உலகத்தில் ஒரே ஒரு மனக்குறைதான். அவருடைய மச்சான் அவருக்கு ஒருநாளும் ‘உதவியது’ போட்டதில்லை.

மற்றபடி ஒன்றும் குறைவில்லை. குழாய், வால்வு, பூட்டு, கீல், ஆணி விற்கிற கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். கடையில் ஆள் வருகிற நேரத்தைவிட வராத நேரம் அதிகம் என்பதால், அந்த வராத நேரத்தில் அவர் உலகத்துக்கே உபகாரம் செய்துகொண்டிருந்தார். இன்டர்நெட்டில் ‘வீட்டு ரிப்பேர் குழு’ என்று ஒன்று. சின்ன ஊர் ஒன்றின் ஜனத்தொகை அளவுக்கு அதில் ஆட்கள். கதவு கிறீச்சிடுகிறது, சுவர் வேர்க்கிறது, சிங்க் அடைத்துக்கொண்டது என்று யாராவது கேட்பார்கள். யாராவது பதில் எழுதுவார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே மூன்று பட்டன் இருக்கும். உதவியது, ஓரளவு, உதவவில்லை.

குழுவில் அவருக்கு ‘நட்டு அண்ணன்’ என்று பெயர். ஒரு அம்மா வீட்டுப் பூட்டு திறக்கவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன யோசனையில், அந்தப் பூட்டோடு சேர்ந்து எதிர்வீட்டுப் பூட்டும் திறந்துகொண்டதாகக் குழுவில் பேசிக்கொள்வார்கள். அவர் அதை மறுத்ததில்லை. பதிலை அனுப்பிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் ‘உதவியது’ மேல் ‘உதவியது’ வந்து விழும். அவ்வளவு வேகமாக ஒரு மனிதன் படிக்க முடியுமா என்று அவர் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் அதையும் தன் எழுத்தின் தெளிவு என்றே எடுத்துக்கொண்டிருப்பார்.

மச்சான் என்பவர் மனைவியின் அண்ணன். டைல்ஸ் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சின்ன மரச்சுத்தியால் டைல்ஸைத் தட்டுவார். சத்தத்தைக் கேட்டு முதல் தரம், இரண்டாம் தரம், ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவார். அதனால் உள்ளேயும் வெளியேயும் அவருக்கு ‘ரிஜெக்ட்டு’ என்றுதான் பெயர். சொந்தக் கல்யாணப் போட்டோவைப் பார்த்து இரண்டாம் தரம் என்று சொன்ன மனிதர். பெண்டாட்டி கேட்டதற்கு, “உன்னைச் சொல்லல, என் முகத்தைச் சொன்னேன்” என்று சமாதானம் சொல்லியும் அன்றைக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை.

குழுவில் ரிஜெக்ட்டு ஒரு பதிலும் எழுதியதில்லை. மதிப்பு மட்டும்தான் போடுவார். அதுவும் காரணத்தோடு. கெட்ட பதில் என்றால் உதவவில்லை, நல்ல பதில் என்றால் உதவியது. தங்கை புருஷன் எழுதியது என்றால் மட்டும் எப்போது பார்த்தாலும் ‘ஓரளவு’.

“மோசம்னு சொன்னாக்கூட சட்டையைப் பிடிச்சுக் கேக்கலாம்,” என்று கடைக்காரர் மனைவியிடம் பொருமுவார். “ஓரளவுன்னா என்னத்தைக் கேக்கறது? உங்கண்ணன் வேணும்னே பண்றார்.”

“உங்களைக் கட்டி வெக்கும்போதே எங்கண்ணன் அதைத்தான் சொன்னான்,” என்பாள் மனைவி. “மாப்பிள்ளை எப்படிடான்னு அப்பா கேட்டதுக்கு, ஓரளவுன்னான்.”

அதிலிருந்து மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் வழியாகத்தான் போகும், வரும்.

குழுவை நடத்துவது மனிதர் இல்லை. ஆரம்பித்தவர் எப்போதோ அதை ஒரு புரோகிராமிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார். அது வைத்ததுதான் சட்டம். ஒரு பதிலுக்கு ‘உதவியது’ நூறைத் தாண்டினால் அது பூட்டப்படும். பிறகு எழுதியவரே நினைத்தாலும் திருத்த முடியாது, அழிக்க முடியாது. லைக்கை வாங்கிக்கொண்டு பதிலை மாற்றிவிட்டு மெத்தை விளம்பரம் போட்ட புண்ணியவான்களால் வந்த சட்டம் அது. பூட்டிய பதில் உச்சியில் உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் எழுதுவதெல்லாம் அதற்குக் கீழே மடங்கிக் கிடக்கும்.

பூட்டிய பதில் விழ ஒரே வழிதான். கனமான கை ஒன்று ‘உதவவில்லை’ போட வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘உதவியது’ போடுகிறவர்களின் கை பஞ்சு. பார்த்துப் போடுகிறவர்களின் கை இரும்பு. குழுவிலேயே கனமான கை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கை ‘உதவவில்லை’ போட்டால், எப்பேர்ப்பட்ட பதிலும் மடேரென்று விழும். அதை நம்பி எடுத்துக்கொண்டவர் போனில் உடனே மணி அடிக்கும்.

அன்று காலை கடைக்காரர் வழக்கம்போல் இரண்டு கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் பதில் எழுதிக்கொண்டிருந்தார். வேகம் முக்கியம். முதலில் வருகிற பதிலுக்குத்தான் கூட்டம். கம்ப்யூட்டரில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு இதில் ஒரு வரி, அதில் ஒரு வரி. நடுவில் கீல் கேட்டு வந்தவருக்குக் கீல் வேறு எடுத்துக் கொடுத்தார்.

ஒன்று, ‘புதுவீடு’ என்பவர் கேட்டது. சுவரில் எதற்கும் உபயோகமில்லாத பழைய குழாய் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, சொட்டுகிறது, என்ன செய்யலாம்? மற்றது, ‘மாடிவீடு’ என்கிற பெண் கேட்டது. பாத்ரூம் கெய்சரில் சேஃப்டி வால்விலிருந்து கொதிக்கிற தண்ணீர் சொட்டுகிறது, என்ன செய்யலாம்?

இரண்டுக்கும் பதில் சரியாகத்தான் எழுதினார். அனுப்பும்போதுதான் அதை இதிலும் இதை அதிலும் ஒட்டிவிட்டார். ஒட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, இரண்டும் பூட்டப்பட்ட சந்தோஷத்தில் சாப்பிடப் போய்விட்டார்.

சாப்பிட்டு வந்து பார்த்தபோது ‘புதுவீடு’ எழுதியிருந்தார்: “ரொம்ப நன்றி நட்டு அண்ணே. நீங்க சொன்ன மாதிரியே மெயினை அணைச்சுட்டு எல்லாரும் ரோட்டுக்கு வந்துட்டோம். மாமியாரை நாற்காலியோட தூக்கிட்டு வந்தோம். கீழ்வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வந்தாச்சு. ஒரு குழாய்ச் சொட்டுல இவ்வளவு ஆபத்து இருக்கும்னு தெரியாமப் போச்சு. எப்ப உள்ள போகலாம்?”

கடைக்காரர் இதைப் படித்துவிட்டு முதலில் அந்த மனிதருக்குப் புத்தி சரியில்லை என்று நினைத்தார். பிறகு மேலே போய்த் தன் பதிலைப் படித்தார். ‘வால்வை அடைக்கவே கூடாது. உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அனைவரும் வெளியே செல்லவும்.’

அப்படியானால் மற்றது எங்கே போயிருக்கும்? கெய்சர் ஜன்னலைத் திறந்தார்.

‘மிகச் சுலபம். நூல் சுற்றிய ஒரு பித்தளை மூடியை வாங்கி முனையில் வைத்து இறுக்கமாகத் திருகிவிடவும். சொட்டு நின்றுவிடும். பிறகு கவலையே இல்லை.’

அதற்குக் கீழே ‘மாடிவீடு’ எழுதியிருந்தாள்: “நன்றி அண்ணா. மூடி வாங்கி வெச்சுட்டேன். இவர் வேலைவிட்டு வந்ததும் மாட்டிடுறோம். அப்புறம் கெய்சரைப் போட்டு குழந்தையைக் குளிப்பாட்டணும், சளி பிடிச்சிருக்கு.”

சேஃப்டி வால்வு கொதித்துச் சொட்டுகிறதென்றால் உள்ளே சூட்டைக் கட்டுப்படுத்துகிற பாகம் போய்விட்டது என்று அர்த்தம். கொதி நிற்காது. அந்தச் சொட்டுதான் கெய்சர் மூச்சு விடுகிற ஒரே வழி. அதையும் மூடிவிட்டால் அது கெய்சர் இல்லை, சுவரில் ஆணியடித்து மாட்டிய வெடிகுண்டு.

புருஷன் எப்போது வேலைவிட்டு வருவான் என்று அவள் எழுதவில்லை.

கடைக்காரர் முதலில் பதிலைத் திருத்தப் பார்த்தார். பூட்டு. அழிக்கப் பார்த்தார். பூட்டு. தன் பதிலுக்குத் தானே ‘உதவவில்லை’ போடப் பார்த்தார். ‘தங்களுக்குத் தாங்களே மதிப்பிட முடியாது’ என்று மரியாதையாகச் சொன்னது. அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். அது தெரியாதவர்கள் பெட்டியில் போய்ப் படுத்துக்கொண்டது.

கீழே பெரிய எழுத்தில் எழுதினார்: “நான் சொன்னது தப்பு. மூடியைப் போடாதீர்கள். ஆபத்து.”

நொடியில் பதில்கள் வந்தன. “பெரியவங்க எப்பவுமே இப்படித்தான், தன்னடக்கம்.” “நிறைகுடம் அண்ணன் நீங்க.” “யாரோ நட்டு அண்ணன் அக்கவுண்டைத் திருடிட்டாங்க, யாரும் நம்பாதீங்க.” இப்படிச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் மேலே போய் மூடிப் பதிலுக்கு இன்னொரு ‘உதவியது’ போட்டார்கள். அவர் எச்சரிக்கை மடிப்புக்குள் போய்விட்டது.

‘புதுவீட்டு’க்கும் உள்ளே போகச் சொல்லி எழுதினார். அவர் மட்டும் நம்பினார். “நாங்க ரெடி அண்ணே, மாமியார்தான் வரமாட்டேங்கறாங்க. ரோட்டுல காத்து நல்லா வருதாம்.”

கடைக்காரர் மனைவிக்குப் போன் செய்தார்.

“உங்கண்ணனைக் கூப்பிடு. என் பதிலுக்கு உடனே ‘உதவவில்லை’ போடச் சொல்லு.”

“வெயில்ல நின்னீங்களா?”

“விளையாடாதே. ஒரு குழந்தை உசிரு.” விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“ஷிஃப்டுல இருக்கறப்ப போனை லாக்கர்ல வெச்சிருப்பான். கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான்,” என்றாள் அவள். அவள் குரலிலும் விளையாட்டு போய்விட்டிருந்தது. “கடையை மூடுங்க. நேர்ல போங்க. ரோஷத்தை அங்கேயே கல்லாவுல வெச்சுப் பூட்டிட்டுப் போங்க.”

கடையை மூடினேன் என்று அவர் பிற்பாடு சொன்னார். ஷட்டர் பாதியில் நின்றது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

ஸ்கூட்டர் அன்றைக்குப் போன வேகத்துக்கு அதன் கம்பெனியே பொறுப்பேற்காது. ஒவ்வொரு சிக்னலிலும் நின்றபோது பக்கத்தில் நிற்கிற ஆண்களையெல்லாம் பார்த்தார். வேலைவிட்டு வீட்டுக்குப் போகிறவன் முகம் எப்படி இருக்கும்? பையோடு ஒருவன் சைக்கிளில் சாவகாசமாகப் போனான். அவனைப் பிடித்து நிறுத்தி, “உங்க வீட்ல கெய்சர் இருக்கா?” என்று கேட்டார். அவன், “எதுவும் வாங்கற மாதிரி இல்ல சார்,” என்று சொல்லிவிட்டு வேகமாக மிதித்தான்.

டைல்ஸ் கம்பெனி வாசலில் காவலாளி நாற்காலியைவிட்டு எழவில்லை.

“யாரைப் பாக்கணும்?”

“என் மச்சானை.”

“இங்க இருக்கற எல்லாருமே யாருக்காவது மச்சான்தான். எந்த டிபார்ட்மென்ட்?”

“தரம் பாக்கறவர். ரிஜெக்ட்டு.”

காவலாளி இப்போது எழுந்தார். “அவரா? அவரைத் தேடி வந்து யாரும் சிரிச்சுட்டே திரும்பினதில்ல. என் யூனிஃபார்ம்ல பட்டன் கோணல்னு எழுதிக் குடுத்த ஆளு. போங்க, நேரா போய் இடது பக்கம். நான் விட்டேன்னு சொல்லாதீங்க.”

உள்ளே சூளையின் வெக்கை. தரையெங்கும் வெள்ளைத் தூசி. பெல்ட்டில் டைல்ஸ் வரிசையாக நகர்ந்து வர, ரிஜெக்ட்டு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். டக். முதல் தரம். டக். முதல் தரம். டொக். எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். உடைந்தது.

“மச்சான்.”

சுத்தி நின்றது. கண் திறக்கவில்லை. “இந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சே.”

“மச்சான், என் பதிலுக்கு ‘உதவவில்லை’ போடணும். இப்பவே.”

ரிஜெக்ட்டு கண்ணைத் திறந்து மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். தட்டிப் பார்க்கலாமா என்று யோசிப்பது போலிருந்தது. “ரெண்டு வருஷமா ‘உதவியது’ போடலைன்னு என் தங்கச்சிகிட்ட மூக்கைச் சிந்தின. இப்ப ‘உதவவில்லை’ போடலைன்னு எங்கிட்ட வந்து நிக்கற. மொத்தத்துல நான் எதைப் போட்டாலும் உனக்கு ஆகாது, அப்படித்தானே?”

“தப்பா எழுதிட்டேன் மச்சான். மாத்தி ஒட்டிட்டேன். ஆள் செத்துப் போகும்.”

“படிக்காம நான் போடமாட்டேன்.”

“படிங்க. சீக்கிரம் படிங்க.”

“சீக்கிரம் படிச்சா அது படிக்கறது இல்ல.” சொல்லிக்கொண்டே ரிஜெக்ட்டு ஏப்ரனைக் கழற்றி, பக்கத்தில் நின்றவனிடம் சுத்தியைக் கொடுத்து, “சந்தேகம்னா ரெண்டாம் தரத்துல போடு, நான் வந்து கேக்கறேன்,” என்று சொல்லிவிட்டு லாக்கர் அறைக்கு நடந்தார். ஓடவில்லை. அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கடைக்காரர் முன்னால் ஓடிப் போய்க் கதவருகே நின்று, திரும்ப வந்து, கூடவே நடந்து, மறுபடியும் முன்னால் ஓடினார்.

போனைத் திறந்ததும் ரிஜெக்ட்டு கட்டைவிரலை வைத்துக் கேள்வியை மறைத்துக்கொண்டார். அது அவர் வழக்கம். கேள்வியை முதலில் படித்தால் மனசு சாய்ந்துவிடும் என்பார். முதலில் பதில். அது தன் காலில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் கேள்வி.

பதிலை உதடசைத்துப் படித்தார். புருவம் மெல்ல மேலே போனது.

“நல்லா இருக்கே,” என்றார்.

“மச்சான்…”

“நிஜமாத்தான் சொல்றேன். என்ன வாங்கணும், எங்க வெக்கணும், எப்படித் திருகணும். வழவழன்னு ஒரு வார்த்தை இல்ல. நீ எழுதினதுலயே உருப்படியா இருக்கறது இது ஒண்ணுதான் மாப்ள.” அவர் விரல் ‘உதவியது’ பக்கமாக நகர்ந்தது. “இதுக்குப் போடலாம்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகக் கடைக்காரர் எத்தனை ராத்திரி புரண்டு படுத்திருப்பார் என்று அவர் மனைவியைக் கேட்டால் தெரியும். இப்போது அது காதில் விழுந்தபோது கையைத் தட்டிவிடத்தான் தோன்றியது. தட்டியே விட்டார்.

“விரலை எடுங்க மச்சான். கேள்வியைப் படிங்க.”

ரிஜெக்ட்டு விரலை எடுத்தார். படித்தார். இன்னொரு முறை படித்தார். அவர் முகத்தில் வேர்த்தது சூளையின் வெக்கையால் மட்டும் இல்லை.

“கெய்சர்,” என்றார். “அடப்பாவி.”

‘உதவவில்லை’யை அழுத்தினார். காரணம் கேட்டது. ‘வெடிக்கும்’ என்று ஒரே வார்த்தை எழுதினார். பூட்டு திறந்தது. மூடிப் பதில் கறுத்து, அடியில் போய் விழுந்தது. எங்கோ ஒரு மாடிவீட்டில் ஒரு போன் மணி அடித்திருக்க வேண்டும்.

இருவரும் லாக்கர் அறையின் பெஞ்சில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டக், டக் என்று சத்தம். அவ்வப்போது ஒரு டொக்.

“பாத்திருப்பாளா?”

“தெரியாது.”

“குளிப்பாட்டிட்டு இருந்தா எப்படிப் பாப்பா?”

“சும்மா இரு மாப்ள.”

திரையில் ‘மாடிவீடு’ பெயர் எழும்பியது. “என்ன அண்ணா இது, பதில் விழுந்துடுச்சுன்னு மணி அடிக்குது? இவர் சீக்கிரமே வந்துட்டார். மூடி போட்டாச்சு. கெய்சரும் போட்டு ரொம்ப நேரமாச்சு. உள்ள தடதடன்னு ஒரு சத்தம் வருது, அது பரவாயில்லையா?”

கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து தன் போனைப் பிடுங்கி எழுதப் போனார். எழுத இடமே இல்லை. பதில் விழுந்தவருக்கு ஒருநாள் வாயைக் கட்டிவிடுவது குழுவின் சட்டம். இன்றுவரை அவர் பதில் எதுவும் விழாததால் அது அவருக்கு ஞாபகமில்லை.

“நீங்க எழுதுங்க மச்சான்.”

“நானா?” ரிஜெக்ட்டு போனை ஏதோ சூடான பொருளைப் போலப் பார்த்தார். “நான் பதில் எழுதினதே இல்லையே.”

“எழுதுங்க.”

“தப்பாயிடுச்சுன்னா?”

“மச்சான், எழுதுங்க.”

“நீ சொல்லு. நான் அடிக்கறேன்.”

கடைக்காரர் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், “வணக்கம் உறுப்பினரே, கெய்சர் என்பது…” என்று வந்துவிட்டது.

“மெயினு மாப்ள, மெயினு.”

“மெயின் சுவிட்ச். வாசல்ல இருக்கறது. அதை அணைக்கணும். பாத்ரூம் பக்கம் போகக்கூடாது. மூடியைத் தொடக்கூடாது. குழந்தையைத் தூக்கிட்டு எல்லாரும் கீழ இறங்கி வெளிய போகணும்.”

ரிஜெக்ட்டு அடித்தார். ‘மெயினை அணை. வெளியே ஓடு. மூடியைத் தொடாதே.’ மரியாதை விகுதி போடலாமா என்று விரல் ஒரு நொடி நின்றது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அடுத்த வரியில் தன் போன் நம்பரைப் போட்டார்.

பிறகு ஒன்றும் வரவில்லை.

கடைக்காரர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார். தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ரிஜெக்ட்டு போனின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

போன் அடித்தது. ரிஜெக்ட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

பெண் குரல், மூச்சிரைத்தது. “மெயினை அணைச்சுட்டோம். கீழ வந்துட்டோம். குழந்தை எங்கிட்ட இருக்கா. சத்தம் இன்னும் வருதுங்க. இவர் மேல போய் மூடியைக் கழட்டிட்டு வந்துடறேங்கறார்.”

“விடாதீங்கம்மா,” என்றார் கடைக்காரர். “சட்டையைப் பிடிச்சு நிறுத்துங்க.”

போன் கை மாறியது. ஆண் குரல். “யாருங்க நீங்க? ஒருத்தன் மூடியை மாட்டுங்கறான். ஒருத்தன் ஓடுங்கறான். நான் மாட்டினதை நான் கழட்டிட்டுப் போறேன். அரைத் திருகுதான். எவன் பேச்சை நம்பி நான் ரோட்டுல நிக்கறது?”

ரிஜெக்ட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

“தம்பி,” என்றார் கடைக்காரர். “மாட்டச் சொன்னவனும் நான்தான். ஓடச் சொல்றவனும் நான்தான். ரெண்டு பேருக்கு எழுதின பதிலை மாத்திப் போட்டுட்டேன். படிச்சுப் பாக்காமப் போட்டுட்டேன். தப்பு மொத்தமும் என்னோடது. என் பேச்சை நம்பாதீங்க. உங்க காதை நம்புங்க. அந்தச் சத்தம் நல்ல சத்தமா கேக்குதா?”

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ரிஜெக்ட்டும் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். போனில் தெரு இரைச்சல், ஆட்டோ ஒன்று, குழந்தையின் சிணுங்கல். அவற்றுக்கு அடியில் எங்கோ ஒரு தடதடப்பு.

“இல்லை,” என்றான் அவன் கடைசியில். “நல்லா இல்லை.”

“அப்போ நில்லுங்க தம்பி. அணைச்சதும் உடனே ஆறாது. இன்னும் தள்ளிப் போய் நில்லுங்க.”

காலடிச் சத்தம். யாரையோ நகரச் சொல்கிற சத்தம். அப்புறம், ஒரு லாரி நிறைய டைல்ஸை மாடியிலிருந்து கொட்டியது மாதிரி ஒரு சத்தம் போனுக்குள்ளிருந்து வந்தது. போன் எங்கோ விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டக், டக் என்று தட்டுவதுகூட நின்றதாகக் கடைக்காரருக்குப் பட்டது.

ஒன்றும் கேட்கவில்லை.

“தம்பி,” என்றார். “அம்மா.” மச்சானின் முழங்கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியாது. மச்சானும் கையை எடுக்கவில்லை.

முதலில் வந்தது குழந்தையின் அழுகை. வீறிட்டு, மூச்சுப் பிடித்து, மறுபடியும் வீறிட்டு, நல்ல பலமான அழுகை.

“முதல் தரம்,” என்றார் ரிஜெக்ட்டு மெதுவாக. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தூசி அதிகமான இடம்.

போனை யாரோ எடுத்தார்கள். அந்தப் பெண்தான்.

“பாத்ரூம் கதவு இப்ப மாடிப்படியில நிக்குது,” என்றாள். “ஜன்னல் எங்கன்னு தெரியல. கெய்சரையும் காணோம். எதிர் மாடித் தண்ணித் தொட்டில என்னவோ வெள்ளையா மிதக்குதுன்னு சொல்றாங்க.”

“எல்லாரும்…”

“எல்லாரும் இங்கதான் இருக்கோம்.”

கடைக்காரர் ஏதேதோ சொன்னார். மன்னிப்பு கேட்டார். சுவரை எழுப்பித் தருவதாகச் சொன்னார். புது கெய்சர், நல்லது, பெரியது, தானே கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சொன்னார். இப்போதே கிளம்பி வரட்டுமா என்று கேட்டார்.

“நீங்க வராதீங்க,” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. “சாமான் மட்டும் அனுப்புங்க.”

“சரிம்மா.”

“குழந்தை தலையெல்லாம் சுண்ணாம்பு. சளி வேற. வெந்நீர்ல குளிப்பாட்டியே ஆகணும். இப்ப வெந்நீருக்கு நான் எங்க போறது?”

கடைக்காரர் மச்சானைப் பார்த்தார். ரிஜெக்ட்டு தலையை ஆட்டி, நீயே சொல் என்றார். கடைக்காரர் கேள்வியை ஒருமுறை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு இன்னொரு முறை.

“கீழ்வீட்டுல கேளுங்கம்மா,” என்றார். “அடுப்புல காய வெச்சுத் தருவாங்க.”

அது உதவியாக இருந்ததா என்று அவள் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.